மிச்சப் படம்

எல்லாவற்றையும் கழித்த பிறகு ஒன்றும் மிஞ்சக்கூடாது. மிஞ்சினாலும் மணல் இறைத்தது போலச் சாம்பல் புள்ளிகள்தான் மிஞ்ச வேண்டும், அவற்றில் எந்த ஒழுங்கும் இருக்கக்கூடாது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீட்டின் நடு அறையில், பட்டப்பகலிலும் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு வருடக்கணக்காகச் சூரியனைக் கழித்துக்கொண்டிருந்தவள் சரோஜினிதேவி. அது அவளுக்குக் கைவந்த வேலை. ஆகவே அன்று பின்னேரம் கணினித் திரையின் இடது பக்கத்தில், சாம்பல் மணலுக்கு நடுவே, இரண்டு கறுப்புத் துளைகள் அருகருகே கிடந்ததைக் கண்டபோது அவளுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அவள் செய்த ஆராய்ச்சி ஊரிலிருந்த மாமியாருக்கும் விளங்கவில்லை, வீட்டிலுள்ளவர்களைப் பதிய வந்த பொலிஸ்காரனுக்கும் விளங்கவில்லை. "மே மொகத?", இது என்ன என்று அவன் திரையைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டபோது, "இர" என்று சூரியனைச் சொன்னாள். அவன் திரையைப் பார்த்தான், வெளியே கொளுத்திக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்தான், இவளுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு போய்விட்டான். சமாதானப் பேச்சு முறிந்து, கொழும்பில் இலக்கத் தகடில்லாத வெள்ளை வான்கள் ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. பைத்தியம் என்று பெயர் வாங்குவதும் ஒருவகைப் பாதுகாப்புத்தான் என்று தேவி நினைத்துக்கொண்டாள்.

சூரியனில் திடீர் திடீரென்று வெடித்துக் கிளம்பும் சுவாலைகளை எக்ஸ் கதிரில் படமாகக் கட்டியெழுப்புவது அவள் வேலை. படம் பிடிப்பது வேறு, கட்டியெழுப்புவது வேறு. எக்ஸ் கதிர் கண்ணாடி வில்லைக்கு வளைந்து கொடுக்காது. ஆகவே விண்ணில் சுற்றும் அந்தத் தொலைநோக்கியில் கமராவில் இருப்பது போல எதுவும் இல்லை. நெருக்கமாகக் கம்பி வைத்த உலோகச் சட்டங்கள்தான் இருந்தன. கலம் பம்பரமாகச் சுழலும்போது கம்பி மறைத்தால் கதிர் குறையும், இடுக்கு வந்தால் கூடும். மட்டை வேலிக்கு அப்பால் ஒருவன் டோர்ச்சோடு நடந்தால் இப்பால் நிற்பவருக்கு வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரியுமல்லவா, அதுபோல. அந்த மினுக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு டோர்ச் எங்கே நின்றது, எத்தனை டோர்ச் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் கிடைப்பது அழுக்குப் படம். அந்தத் துறையில் அதற்குப் பெயரே அப்படித்தான். கோடும் குறுக்குமாக, சாக்கு நெய்தது போல இருக்கும். அதைத் திரையின் இடது பக்கத்தில் வைத்து, எந்த இடத்தில் தேடுவது என்று ஒரு பெட்டி போட்டுக் காட்டினால், கணினி அந்தப் பெட்டிக்குள் மிகப் பிரகாசமான புள்ளியைத் தேடி, அதில் ஒரு துளியைக் கிள்ளி எடுத்து, வலது பக்கத்து வெற்றுப் படத்தில் அதே இடத்தில் வைக்கும். திரும்பவும் தேடும், திரும்பவும் கிள்ளும். இடப்பக்கம் வெறுமையாகிக்கொண்டு போக, வலப்பக்கத்தில் சுவாலை பளிச்சென்று எழும்பி வரும். இடப்பக்கத்தில் மிஞ்சுவதுதான் மிச்சப் படம். அதை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

அன்றைக்குச் சுவாலை ஒழுங்காகத்தான் வந்திருந்தது. மிச்சப் படத்தில்தான் துளைகள். கிள்ளியது கூடிப்போனால் இப்படிக் குழி விழுவதுண்டு என்பதால் தேவி அளவைக் குறைத்துப் பார்த்தாள். துளைகள் இருந்தன. சட்டங்களில் சிலவற்றை விட்டுவிட்டு மற்றவற்றால் மட்டும் கட்டிப் பார்த்தாள். இருந்தன. தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியது. கடற்கரை ரயில் ஒன்று தெஹிவளைப் பக்கம் போக, யன்னல் கண்ணாடிகள் கிடுகிடுவென்று நடுங்கி அடங்கின.

காளியப்பன் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது பொழுது பட்டுவிட்டது. அவள் கணவன் கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் சரக்குக் கந்தோரில் வார்ஃப் கிளாக். துறைமுகத்துக்கும் கந்தோருக்கும் இடையே பேப்பர் கட்டுகளோடு அலைகிற வேலை. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண்ணை அவன் கட்டியது இரு வீட்டாருக்கும் கொஞ்ச காலம் தொண்டையில் முள்ளாக நின்றது, பிறகு எல்லாரும் விழுங்கிக்கொண்டார்கள். சிங்களம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. "நம்மள யாரு புடிக்கப் போறா, நாம தேயிலைக்காரங்க" என்பான். அவன் வரப் பத்து நிமிடம் பிந்தினாலும் தேவி யன்னலடிக்குப் போய் நிற்பாள். அவனில்லாமல் தன்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்பது அவளுக்கு வெட்கமில்லாமல் தெரிந்திருந்தது.

"என்னா டொக்டரம்மா, இன்னைக்குச் சூரியன வெளுத்தாச்சா?" என்று கேட்டபடி வந்து கதிரைக்குப் பின்னால் நின்றான். பிறகு குனிந்து திரையைப் பார்த்தான்.

"ஏதோ பிழை," என்றாள் தேவி. "எப்பிடிக் கழிச்சாலும் இந்த ரெண்டும் போகுதில்லை."

"இது எங்க எடுத்தது?"

"சூரியனிலதான். வேறை எங்க?"

"எப்ப?"

"நாலஞ்சு வருசத்துக்கு முந்தி. ஏன் கேக்கிறீங்கள்?"

அவன் எட்டித் திரையை அணைத்தான். அவள் தோளில் பட்ட கை குளிர்ந்திருந்தது.

"சாக்கு இப்பிடித்தான் இருந்துச்சு," என்றான்.

புலிகளைத் தேடிப் போன மாதம் ஆமியும் பொலிஸும் நடத்திய சுற்றிவளைப்பைப் பற்றி அதுவரை அவன் வாயே திறக்கவில்லை. ஒழுங்கையிலிருந்த ஆண்கள் எல்லாரையும் வெளியே எடுத்து மதிலோரம் வரிசையாக நிறுத்தினார்கள் என்பதும், ஜீப்பின் பின்னால் தலையாட்டி ஒருவன் இருந்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். தலையாட்டி என்றால் தலையில் வெங்காயச் சாக்கு, கண்ணுக்கு நேரே இரண்டு துளை. ஒவ்வொருவராக அவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "அந்துரனவத?" என்று கேட்பார்கள். இவனைத் தெரியுமா? சாக்கு இடமும் வலமும் ஆடினால் வீட்டுக்குப் போகலாம். மேலும் கீழும் ஆடினால் லொறியில் ஏற வேண்டும். அன்றைக்கு ராமையாவுக்கு மேலும் கீழும் ஆடியது. முடக்கிலிருந்த சைவக் கடையில் தேத்தண்ணி ஆற்றுகிறவன், ஹட்டன்காரன், அந்த ஒழுங்கையில் காளியப்பனுக்கு இருந்த ஒரே ஊர்க்காரன். அவனுக்கு அடுத்ததாகக் காளியப்பன்தான் போய் நின்றிருக்கிறான்.

"என்னைய ரொம்ப நேரம் பாத்துச்சு, தேவி. நெறைய நேரம் பாத்துட்டுத்தான் இல்லைன்னு ஆட்டுச்சு."

"பாத்தவன் எண்டு சொல்லுங்கோ. ஆரோ ஒரு மனிசன்தானே."

"தெரியல," என்றான் காளியப்பன். "மூச்சு விட்டா சாக்கு அசையும்ல. அது அசையல."

மறுநாள் காலை மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தவளைக் கீழ் வீட்டு ஸைனம்பு அன்ரி படியடியில் மறித்தாள். வீட்டுச் சொந்தக்காரி. வாடகை கூட்டாத நல்ல மனுசி, ஆனால் ஊர்க் கதை முழுவதும் அவள் வாசலைத் தாண்டித்தான் மாடிக்கு ஏற வேண்டும்.

"ராமையாட உம்மா வந்தீந்தாங்க மகள், ஹட்டன்ல ஈந்து. பொலிஸ் வாசல்ல ஒரு பகல் குந்தி ஈந்துட்டுப் போய்ட்டாங்க பாவம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆக்கள் செல்றாங்க, கொண்டு போறவனத்தான் அடுத்த தரம் சாக்கப் போட்டுக் கொண்டு வாறாங்களாம். ஒழுங்கை ஆக்கள்ட முகம் அவனுக்குத்தானே தெரியும்."

"ராமையா அப்பிடிச் செய்ய மாட்டான், அன்ரி."

"நல்ல பொடியன்தான். ஆனா அடிச்சா யாரும் தலையாட்டுவான் மகள். ஒங்கட மாப்புளைய கொஞ்ச நாளைக்கு ஊருக்கு அனுப்புங்க."

தேவி மாடியேறி வந்து கதவைத் தாழிட்டாள். பயந்தவள் செய்யும் வேலையைத்தான் அவளும் செய்தாள்: பயத்துக்குக் காரணம் இல்லையென்று நிரூபிக்க உட்கார்ந்தாள். கலம் அந்த நேரம் தள்ளாடியிருக்கலாம். தள்ளாடியதா என்று பார்க்க, சுவாலை நடந்த நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மிச்சப் படம் கட்டி, சினிமா போல வரிசையாக ஓட விடலாம். பழைய கணினி. ஒவ்வொரு படத்துக்கும் முக்கி முனகியது. வெளியே காகங்கள் கத்தின, எங்கோ கருவாடு பொரித்தார்கள், உப்புக் காற்றில் திரைச்சீலை புடைப்பதும் யன்னல் கம்பியோடு ஒட்டிக்கொள்வதுமாக இருந்தது. பின்னேர வெயில் சீலையின் ஓரத்தால் ஒரு கீற்றாக உள்ளே வந்து, சுவரில் ஏறி, மங்கி, போய்விட்டது. அவள் விளக்குப் போட எழும்பவில்லை.

படங்கள் ஓடின.

துளைகள் நடுவில் இருந்தன. பிறகு கொஞ்சம் இடது பக்கம் போயின. திரும்பி வந்தன. வலது பக்கம் போயின. தள்ளாட்டம் என்றால் மணல் முழுவதும் சேர்ந்து தள்ளாட வேண்டும். மணல் அப்படியே இருந்தது. துளைகளும் அவற்றைச் சுற்றியிருந்த சாக்கு நெசவும் மட்டுமே போயின, வந்தன. இடம், வலம். இடம், வலம். ஆறுதலாக, அவசரமே இல்லாமல், ஒவ்வொருவராகப் பார்த்து முடித்து அனுப்புவது போல.

அவள் வேறொரு சுவாலையை எடுத்தாள். வேறு வருடம், சூரியனின் வேறு ஓரம். அதிலும் இருந்தன. இன்னொன்று. அதிலும். இதில் துளைகள் பெரிதாக இருந்தன. தொலைவில் நின்றவர் கிட்ட வந்தால் முகம் பெரிதாகத் தெரியுமே, அப்படி.

அறையில் வெங்காயச் சாக்கின் மணம் வந்தது. காய்ந்த தோலும் தூசியும் ஈரச் சணலுமாக. வீட்டில் வெங்காயம் கூடையில்தான் இருந்தது.

கடைசிச் சுவாலையின் படங்களில் துளைகள் இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. கீழே இறங்கின. ஏறின.

காளியப்பன் வந்து கதவைத் தட்டியபோது அவள் இருட்டில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ஏன் அழுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"நாளைக்கு விடிஞ்சதும் மொத ரயில்ல போயிர்றேன்," என்றான். "கப்பல யாராச்சும் பாத்துக்கட்டும்."

"நானும் வாறன்."

"நீயும் வா. சூரியன இங்கயே விட்டுட்டு வா." அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டான். அன்றைக்கு அவன் செய்த ஒரே பகிடி அது. இரண்டு பேருக்கும் ஒரே பையில் உடுப்பை அடுக்கினார்கள்.

விடியப்புறம் நாய்கள்தான் முதலில் சொல்லின. பிறகு ஒழுங்கையின் இரு தலைப்பிலும் வாகனங்கள் வந்து நிற்கும் சத்தம், பிறகு சப்பாத்துகள், பிறகு இரும்புக் கேட்டுகளில் துவக்குப் பிடியால் அடிக்கும் சத்தம். "ஒக்கோம பல்லெஹாட்ட!" எல்லாரும் கீழே. பெண்கள் உள்ளே, ஆண்கள் கீழே. காளியப்பன் பயணத்துக்கு உடுத்திய வெள்ளைச் சேர்ட்டும் மண்ணிறக் காற்சட்டையுமாகப் பையோடு நின்றான். பையோடு போனால் ஓடப் பார்த்தவன் என்பார்கள். தேவி அவன் கையிலிருந்து பையைப் பிடுங்கினாள்.

"கதவப் பூட்டிக்க," என்றான். "நான் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுற வரைக்கும் தொறக்காத."

"இஞ்சாருங்கோ..."

"வந்துருவேன், தேவி."

அவன் செருப்போடு இறங்கிப் போன சத்தம் கீழே மற்ற ஆண்களின் காலடிச் சத்தத்தோடு கலந்துவிட்டது. அவள் கதவைப் பூட்டி, சங்கிலி போட்டு, திரைச்சீலை இடுக்கால் பார்த்தாள். ஒழுங்கையில் சாம்பல் வெளிச்சம். ஈரப்பலா மரம் பாதியை மறைத்தது. மதிலோரம் சாரங்களும் பெனியன்களுமாக வரிசை, அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சேர்ட். ஒழுங்கை முகப்பில் ஜீப், அதன் பின்னிருக்கையில் அது இருந்தது. நேராக. அசையாமல். ஒருவர் போய் நின்றார். சாக்கு இடமும் வலமும் ஆடியது. அடுத்தவர். இடம், வலம். தேவி அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறாள். அதே ஆறுதல். அதே இடைவெளி.

அப்போது அது நிமிர்ந்தது. வரிசையை விட்டு, மதிலை விட்டு, மரத்துக்கு மேலால், மூன்றாம் மாடி யன்னலைப் பார்த்தது.

அவள் சீலையை விட்டாள். அதே நொடியில் கரண்ட் போனது. மின்விசிறி சுழன்று சுழன்று நின்றது. மேசைக்குக் கீழே கணினிக்கான பற்றரிப் பெட்டி "பீப்" என்றது. அந்தக் கிழட்டுப் பற்றரி சில நிமிடங்கள்தான் தாங்கும். திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவள் இரவு அதை அணைத்துவிட்டுத்தான் படுத்தாள். இப்போது மிச்சப் படம் திறந்திருந்தது. துளைகள் நடுவில் இருந்தன.

கழித்தால் போய்விடும்.

அந்த எண்ணம் வந்ததும் அவள் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை, அவன் வரிசையில் நின்றான். கூட்டலையும் கழித்தலையும் மாற்றிவிட்டால் கணினி வெளிச்சத்துக்குப் பதில் இருட்டைத் தேடும், தேடிக் கிள்ளும். துளைகளைச் சுற்றி இறுக்கமாகப் பெட்டி போட்டாள். அவசரத்தில் பெட்டி கோணியது, திரும்பவும் போட்டாள். பீப். ஓட விட்டாள். ஊர்ந்தது. வலது பக்கத்துப் படத்தையும் கணினி ஒவ்வொரு முறையும் வரைந்துகொண்டிருந்ததால்தான் அந்தத் தாமதம். அதை மூடினாள். பீப். பீப். இப்போது வேகம் பிடித்தது. ஈர மணலில் கால் தடம் நிரம்புவது போலத் துளைகள் ஓரத்திலிருந்து நிரம்பின. கீழே யாரோ சிங்களத்தில் உரக்கக் கேட்டார்கள். அந்துரனவத? ஒரு துளை போயிற்று. பீப் பீப் பீப். மற்றது சுருங்கியது. ஊசிக்கண். புள்ளி.

மணல். வெறும் மணல்.

பற்றரிப் பெட்டி நீளமாக ஒருமுறை ஓலமிட்டது. திரை செத்தது.

அவள் யன்னலுக்கு ஓடினாள். ஜீப்பின் பின்னிருக்கையில் யாரும் இல்லை. சாக்கு மட்டும் இருக்கையில் மடங்கிக் கிடந்தது. சீருடைக்காரன் ஒருவன் அதைத் தூக்கி உதறினான், உள்ளே பார்த்தான், குனிந்து ஜீப்பின் அடியிலும் பார்த்தான். ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்தினார்கள். வரிசையில் நின்றவர்கள் தலையைத் தூக்கவில்லை. பிறகு அதிகாரி ஒருவன் வந்து ஏதோ சொல்ல, சாக்கைக் கையில் வைத்திருந்தவன் அதோடு வரிசையை நோக்கி நடந்தான். கடைசிப் பக்கத்துக்கு. ஈரப்பலா மரத்துக்குப் பின்னால்.

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இலைகள். மதிலின் ஒரு துண்டு. ஜீப் உறுமியது.

படிகளில் காலடி கேட்டது.

முதலாம் மாடி. இரண்டாம் மாடி. சப்பாத்துக் காலடி அல்ல, செருப்பு. அவன் செருப்பு. அவளுக்கு உயிர் வந்தது. பேர் சொல்லிக் கூப்பிடவில்லையே என்று மனம் ஒரு மூலையில் சொன்னது, கை அதற்குள் சங்கிலியைக் கழற்றி, பூட்டைத் திறந்து, கதவை அகலத் தள்ளிவிட்டது.

படிக்கட்டு யன்னலின் விடியல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வெள்ளைச் சேர்ட். மண்ணிறக் காற்சட்டை. அவன் உயரம், அவன் தோள். வெளிச்சம் பின்னால் இருந்ததால் முகம் இருட்டாக இருந்தது.

"கடவுளே... விட்டிட்டாங்கள்." அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அடிச்சவங்களோ?"

தலை இடமும் வலமும் ஆடியது.

"தண்ணி கொண்டரட்டோ?"

இடம். வலம்.

"ஏன் கதைக்கிறீங்களில்லை?"

அதற்குத் தலை ஆடவில்லை. காய்ந்த வெங்காயத் தோலும் ஈரச் சணலும் மணத்தன. சேர்ட்டின் நெஞ்சுப் பக்கம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

அப்போதுதான் அவளுக்கு வலது பக்கத்துப் படம் நினைவு வந்தது. முதல் நாள் மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் விசயம். கிள்ளியது எங்கேயும் தொலைவதில்லை. இங்கே எடுத்தால் அங்கே வைக்கப்படும். மூடிவிட்டால் வரைந்து காட்டாது, அவ்வளவுதான். வைப்பதை அது நிறுத்துவதில்லை. அவள் அதைத் துளித் துளியாக, ஒன்றும் மிச்சமில்லாமல், இந்தப் பக்கம் எடுத்து வைத்திருந்தாள்.

கீழே ஜீப் காலி நகருக்குப் போகும் பெருவீதிப் பக்கம் திரும்பியது. இயந்திரச் சத்தத்துக்கு மேலால் ஒரு குரல், வாயில் துணி அடைத்தது போல, சாக்குக்குள்ளிருந்து கத்துவது போல.

"தேவி! தேவி, கதவத் தொறக்காத! தே..."

குரல் தூரமானது. காலி வீதியின் முதல் பஸ்கள் அதை மூடின.

வாசலில் நின்றது அசையவில்லை. அவளும் அசையவில்லை. ஓட இடமில்லை, பின்னால் நடு அறை, யன்னல், மூன்று மாடி உயரம். கத்தினால் ஸைனம்பு அன்ரி வருவாள். அவளையும் இது பார்க்கும். தேவி கத்தவில்லை. கேட்கக்கூடாது என்று தெரிந்தும், வேறு எதையும் கேட்கத் தெரியாமல், கேட்டாள்.

"என்னை... என்னைத் தெரியுமோ?"

முகம் நிமிர்ந்தது. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துளைகள். அவற்றினூடாகப் பின்னாலிருந்த படிக்கட்டு யன்னல் தெரிந்தது. விடியல் வெளிச்சம் தெரிந்தது.

அது அவளை நிறைய நேரம் பார்த்தது. பிறகு, ஆறுதலாக, தலையைக் கீழே இறக்கி, மேலே தூக்கியது.